அம்மன் களை

அந்தத் திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, மலேசியாவின் செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலை வாசலில் இருந்த முகம் பார்க்கும் கருவி தேன்மொழியை உள்ளே விட மறுத்தது.

பதினான்கு வருடமாக அந்த வாசலில் நுழைகிறவள். கருவி வைத்தே ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கண்ணாடிச் சதுரத்துக்கு நேரே நின்றாள். பச்சை விளக்குக்குப் பதிலாகச் சிவப்பு எரிந்தது. ஆள் தெரியவில்லை என்று ஒரு பெண்குரல் மலாயில் சொன்னது. முன்முடியை ஒதுக்கிவிட்டு மறுபடி நின்றாள். ஆள் தெரியவில்லை. பின்னால் வரிசை நீண்டது. நேப்பாளிக் காவலர் அவளை நன்றாக அறிந்தவர். அவளுடைய அட்டையில் இருந்த படத்தையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வழக்கமாகச் சிரிக்கிறவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. புதிதாக ஒரு படம் எடுத்தார். பழைய முகத்தை அழித்துவிடலாமா என்று கருவி கேட்டது. அவர் ‘ஆம்’ என்பதை அழுத்தினார்.

தேன்மொழிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கும் பிரிவில் தரம் பார்ப்பது அவள் வேலை. கணவன் கனகராஜ் அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பேருந்து ஓட்டினான். பக்கத்து ஊரான கூலாயில் இரண்டு அறை வீடு. இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பு வலி தாங்காமல், கடைவீட்டு மாடியில் இருந்த ஜிம்முக்குப் போக ஆரம்பித்தாள். நடத்தியவன் ரூபேந்திரன் என்ற இளைஞன். அவளை அக்கா என்பான், அதட்டிப் பழக்கினான், காசு தர முடியாதவளையும் துரத்தியதில்லை. நல்லவன்தான். அதனால்தான் இந்தக் கதையை அவன் மேல் விரல் நீட்டிச் சொல்லி முடிக்க முடிவதில்லை.

முதல் பதினொரு மாதம் அவள் சாப்பிட்டதெல்லாம் வீட்டுச் சாப்பாடு. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் சோறும் பருப்பும் பொரித்த தெம்பே என்ற சோயாக்கட்டியும், சாயங்காலம் அவித்த கடலை. வெறும் கம்பியைத் தூக்கவே திணறியவள் எழுபது கிலோ வரை வந்தாள். இடுப்பு வலி போயே போய்விட்டது. அப்புறம் ஆறு வாரம் எழுபதிலேயே நின்றாள். உடம்பு சில நாள் நிற்கும், பிறகு நகரும். அது உடம்பின் குணம். ஆனால் சாப்பாட்டுக்கு அவ்வளவுதான் பலம் என்று ரூபேந்திரன் சொன்னான். வெள்ளிப் பொட்டலம் ஒன்றை நீட்டினான். மேலே புலி படம். முழுக்க மூலிகை என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. யார் செய்தது, எங்கே செய்தது என்று ஒரு மொழியிலும் இல்லை. அவனும் அதைத்தான் தினமும் குடித்தான்.

மூன்று தலைமுறையாக இந்தத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் பாலைச் சுமந்தன, எண்ணெய்ப்பனைக் குலையைச் சுமந்தன. அப்போதெல்லாம் இவர்களுக்குச் சத்து போதுமா என்று கேட்க ஒரு நாய் வரவில்லை. விற்பதற்கு ஒரு பொட்டலம் கையில் வந்ததும், உன் சோறு போதாது, உன் பருப்பு போதாது, உன் உடம்பே போதாது என்று வீடு தேடி வந்து சொல்கிறார்கள்.

வெந்நீரில் இரண்டு கரண்டி பொடி. கருப்பட்டி இனிப்பு, அதன் அடியில் மெல்லிய கசப்பு. நான்காம் நாளே கை கால் அசதி எல்லாம் துடைத்த மாதிரி போயிற்று. இரண்டாம் வாரம் எழுபத்தைந்து கிலோ. தூக்கம் குறைந்தது, பசி மட்டும் அடங்கவே இல்லை. கதவு இடித்த இடம், பை உரசிய இடம், கனகராஜ் கையைப் பிடித்த இடம் எல்லாம் நீலம் பாய்ந்தது. கன்னங்கள் பூரித்து முகம் முழு வட்டமாயிற்று. பிடரியில் சின்ன மேடு ஒன்று எழும்பியது. தொழிற்சாலை வாசல் கருவிக்கு அவளைத் தெரியாமல் போனதும் அந்தச் சமயத்தில்தான். ஒரு காலையில் அடுப்படியில் நின்றவளைப் பின்னாலிருந்து பார்த்த கனகராஜ், “யாரு?” என்று கேட்டான். கேட்டபிறகு அவனுக்கே சங்கடமாகிவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஜிம்மில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமைப் பத்து மணி வெளிச்சத்தில் ஏழு பெண்கள் வரிசையாகக் குனிந்து நிமிர்ந்தார்கள். ஏழு பேரும் புலிப்பொடி குடிக்கிறவர்கள். நிமிர்ந்தபோது கண்ணாடியில் ஏழு வட்ட முகங்கள் எழும்பின. சிவந்த கன்னங்கள், சிறுத்த கண்கள். அதில் எது தன்னுடையது என்று ஒரு மூச்சு நேரம் தேன்மொழிக்குத் தெரியவில்லை. கையை உயர்த்திப் பார்த்தாள். எதிரே ஒரு கை உயர்ந்தது. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

வேலையிடத்துப் பெண்களுக்கு இதற்கு வேறு விளக்கம் இருந்தது. அவர்களில் ஒருத்தி, எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பெண்களை முன்னின்று நடத்துகிற காளியம்மா, அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“அச்சு அசல் ஆத்தா முகம்டி இது. சும்மா வராது இந்தக் களை. இந்த ஆடிக்கு நீதான் பால்குடம் எடுக்கணும்.”

கனகராஜ் வீட்டில் யாராவது வருடா வருடம் குடம் எடுப்பது வழக்கம். இந்த முறை அவள் முறை என்று எல்லோரும் தீர்த்துவிட்டார்கள். இருபத்தொரு நாள் விரதம். மரக்கறி மட்டும், வீட்டில் சமைத்தது மட்டும், பொட்டலத்தில் அடைத்து வந்தது எதுவும் வாயில் படக்கூடாது. ஆகவே புலிப்பொடியும் நின்றது.

தேன்மொழிக்கு அதில் உள்ளூர ஒரு ஆசையும் இருந்தது. மூடியில் பிசிறு வந்தால் அவர்கள் தொழிற்சாலையில் ஒரு முறை உண்டு. சந்தேகப்படுகிற ஒன்றை மட்டும் நிறுத்து. பிசிறு மாறுகிறதா பார். மறுபடி போடு, பழையபடி ஆகிறதா பார். இரண்டு தரம் ஒரே மாதிரி நடந்தால் காரணம் அதுதான். உடம்பிலும் அதைச் செய்து பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். கண்ணை மூடி நம்புகிறவள் இல்லை அவள்.

மூன்றாம் நாள் முழங்கால்களில் ஈயம் ஊற்றிய மாதிரி இருந்தது. நான்காம் நாள் குனிந்து எழுந்தால் தொழிற்சாலை முழுவதும் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. பருப்புச் சோறு உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம், அச்சு திறந்து மூடும் இயந்திரத்தின் சீறலுக்குள் யாரோ மூச்சு விடுவது கேட்டது. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்கள். மூச்சு நிற்கவில்லை. அது அவளுடையதுதான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆத்தா சோதிக்கிறாள், தாங்கிக்கொள் என்றாள் காளியம்மா. ரூபேந்திரன் தொலைபேசியில் வேறு மாதிரி சொன்னான்.

“நாந்தான் சொன்னேன்லாக்கா. சாப்பாட்ட மட்டும் நம்புனா இப்படித்தான். உடம்பு கேக்குது, குடுங்க.”

ஆறாம் நாள் காலை, கனகராஜ் பேருந்து எடுக்கப் போனபின், அவள் இரண்டு கரண்டி கலக்கிக் குடித்தாள். பத்து மணிக்குள் எழுந்து நடமாடினாள். மத்தியானம் பசித்தது. சாயங்காலம் துணி துவைத்தாள். நாலைந்து நாள் குடித்துவிட்டுப் பதினோராம் நாள் மறுபடி நிறுத்தினாள். மூன்றே நாளில் விழுந்தாள். மறுபடி குடித்தாள், எழுந்தாள். சோதனை இரண்டு தரமும் ஒரே விடையைத்தான் தந்தது. மனிதன் வெறும் சாப்பாட்டில் வாழ முடியாது என்பதைத் தன் கையாலேயே நிரூபித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் தேன்மொழி. சாமியாடி சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். சொன்னது அவளுடைய சோதனை.

விரதத்தைத் திருட்டுத்தனமாக முறித்தது மட்டும் நெஞ்சில் உறுத்தியது. குடம் எடுக்கும் நாளிலாவது சுத்தமாக இருக்கவேண்டும் என்று, கடைசி நான்கு நாள் பொடியைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வெயில். பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதை, இரண்டு கிலோமீட்டர். முன்னால் உருமி. தலையில் குடத்தோடு செருப்பில்லாமல் நடந்தாள். பனைமரங்கள் ஒரே இடைவெளியில் நட்டவை. எந்தப் பக்கம் பார்த்தாலும் வரிசை ஒன்று நேராக ஓடி இருட்டுக்குள் போகும். அவளோடு சேர்ந்து ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒருத்தி குடத்தோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். அவள் நின்றால் அவர்களும் நின்றார்கள். வட்ட முகங்கள். முழங்கால் மடிந்தது. குடம் சாய்ந்து பால் முகத்தில் வழிந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

அருள் வந்துவிட்டது என்று கூட்டம் குலவையிட்டது. யாரோ எலுமிச்சையைப் பற்களுக்கிடையே திணித்தார்கள். மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. காளியம்மா கைகூப்பி முன்னால் மண்டியிட்டாள்.

“ஆத்தா, என்ன வேணும் உனக்கு? சொல்லு தாயே.”

“ரெண்டு கரண்டி,” என்றாள் தேன்மொழி. நாக்கு குழறியது. “ரெண்டு கரண்டி குடுங்க.”

ஓடிப்போய்க் கூழ் கொண்டுவந்தார்கள். சரியாக இரண்டு கரண்டி அளந்து வாயில் ஊற்றினார்கள். கூழ் கடைவாயில் வழிந்து இறங்கியது. அவள் கண்கள் திறந்தே இருந்தன. அம்மன் குடித்துவிட்டாள் என்று மறுபடி குலவை எழுந்தது. ஒரு பெண் கண்முன்னே செத்துக்கொண்டிருந்தாள். நூறு பேர் அவளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கூடக் கெட்டவர் இல்லை.

கனகராஜ் கூட்டத்தை விலக்கி வந்து அவள் கையைத் தொட்டான். அந்த வெயிலில் அது பனிக்கட்டியாக இருந்தது. நாடியைத் தேடினான், கிடைக்கவில்லை. தூக்கித் தோளில் போட்டான். ஆத்தா மேல் கை வைக்காதே என்று நாலு பேர் தடுத்தார்கள்.

“இது ஆத்தா இல்ல, எம் பொண்டாட்டி. தள்ளுங்க,” என்றான். பேருந்து அங்கேதான் நின்றது. பக்தர்களை ஏற்றி வந்த நாற்பது இருக்கைப் பேருந்தில் ஒரே ஒரு நோயாளியோடு அரசாங்க மருத்துவமனைக்குப் பறந்தான்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் ஷப்னம் முதலில் முகத்தைப் பார்த்தார், பிறகு துணியை விலக்கி வயிற்றைப் பார்த்தார். ஊதா வரிகள் ஓடியிருந்தன. இரத்த அழுத்தம் அதலபாதாளத்தில் இருந்தது. ஊசி ஒன்று போட்டார்கள், உப்புநீர் ஏற்றினார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டதற்குக் கனகராஜ், மருந்தெல்லாம் இல்லை, மூலிகைப் பொடிதான் என்றான். ஷப்னம் ஒரு பெருமூச்சு விட்டார்.

மறுநாள் தேன்மொழிக்கு நினைவு தெளிந்தபின் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். மூலிகை என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்கிறார்கள். அது வலியை மறைக்கும், பசியைக் கிளப்பும், பலம் வந்த மாதிரி காட்டும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி, உயிரைத் தாங்கும் சத்தைத் தினமும் தானே சுரக்கும். அதே சத்து ஸ்டீராய்டாக வெளியிலிருந்து வர ஆரம்பித்ததும் அது வேலையை நிறுத்திவிட்டுத் தூங்கிவிடும். திடீரென்று பொடியை விட்டால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

தேன்மொழி தன் சோதனையைச் சொன்னாள். இரண்டு தரம், ஒரே விடை.

“சோதனை சரிதான். ஆனா எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?” என்றார் ஷப்னம்.

தொழிற்சாலையில் எந்தச் சோதனைக்கும் முன்னால் அலமாரியில் பூட்டி வைத்த முதல் நல்ல மூடியை எடுத்துப் பக்கத்தில் வைப்பார்கள். அவள் அதைச் செய்யவில்லை. பொடி குடித்த உடம்பையும் பொடி கெடுத்த உடம்பையும்தான் மாற்றி மாற்றி அளந்திருக்கிறாள். முட்டையிலும் பருப்பிலும் எழுபது கிலோ தூக்கிய அந்தப் பதினொரு மாதத்துப் பெண்ணை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

எல்லாப் பொடியும் இப்படியா என்று கேட்டாள். இல்லை என்றார் ஷப்னம். ஒழுங்காகப் பதிவு செய்த பால்புரதப் பொடி விஷமில்லை. சரியாகச் சாப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் அது தேவையும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று எழுத அஞ்சுகிறவனிடம் எதையும் வாங்காதீர்கள். இனி மாதக்கணக்கில் மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சுரப்பி எப்போது விழிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

அன்று மத்தியானம் ரூபேந்திரன் அழைத்தான். விஷயம் கேள்விப்பட்டதும் எல்லோரையும் பொடியைக் குப்பையில் கொட்டச் சொல்லிவிட்டானாம், வாட்ஸாப் குழுவையும் அழித்துவிட்டானாம். நேற்றே.

தேன்மொழி எழுந்து உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நேற்று நிறுத்தியிருந்தால் நாளைக்கு மூன்றாம் நாள். ஒவ்வொருத்தியும் தனியாக எங்கேயோ விழுவாள். ஒருத்தி மாடிப்படியில், ஒருத்தி மோட்டார் சைக்கிளில். பக்கத்தில் ஆள் இருந்தாலும் கும்பிடத்தான் செய்வார்கள்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஆறு பேருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் குரல்செய்தி அனுப்பினாள். தன் உயிரைக் குடிக்கப் பார்த்த பொடியைப் பற்றி அவள் சொன்னது இதுதான்: “வீசாதீங்க. சொந்தமா நிறுத்தாதீங்க. பொட்டலத்தோட இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. பயந்தாலும் பரவால்ல, வாங்க.” ஒருத்தி, பொடி விற்க இவளும் சேர்ந்துவிட்டாளா என்று பதில் போட்டாள். இன்னொருத்தி, அம்மன் சொன்னால் வருகிறேன் என்றாள். தேன்மொழி வாய்வரை வந்த பொய்யை விழுங்கிக்கொண்டாள். “அம்மன் இல்ல, தேன்மொழி சொல்றேன். வாங்க,” என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஐந்து பேர் வந்தார்கள். ரூபினி என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் மட்டும் தொலைபேசியை எடுக்கவில்லை. கனகராஜ் அவள் வாடகை அறைக்குப் போய்க் கதவைத் தட்டி, குளியலறை வாசலில் கிடந்தவளைத் தூக்கி வந்தான். அவளுக்குப் பொடி மூன்று நாளுக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. மூச்சு இருந்தது.

கடைசியாக, பார்வையாளர் நேரம் முடிகிற சமயத்தில் ரூபேந்திரன் வந்தான். வட்ட முகம் வெளிறியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். யாரிடம் வாங்கினான் என்று ஷப்னம் கேட்டதற்குத் தொலைபேசியில் ஒரு எண்ணைக் காட்டினான். அந்த எண் உபயோகத்தில் இல்லை. ஆளைப் பார்த்தது கூட இல்லை. வாசலில் பெட்டி வந்து இறங்கும், அவ்வளவுதான்.

ஷப்னம் பொடி குடித்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். ரூபேந்திரன் தேன்மொழியின் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

“அக்கா, எம்பேர மட்டும் சொல்லாதீங்கக்கா.”

தேன்மொழி அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். நிற்காதே, விழுந்துவிடுவாய் என்றாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள்.

“இவன் பேரையும் எழுதுங்க டாக்டர். சாப்பிட்டவன்னு இந்தக் காகிதத்துல எழுதுங்க. வித்தவன்னு வேற காகிதத்துல எழுதணும். மொதல்ல இதுல எழுதி ஊசியப் போடுங்க.”

ரூபேந்திரன் தலையைக் குனிந்துகொண்டே சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். ஷப்னம் இரண்டு காகிதங்களை எடுத்தார்.