கப்பல் இஸ்திரிப் பெட்டியின் சிவப்புக் கம்பி

நயா பைசா புழக்கத்துக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, அதாவது ஐம்பத்தைந்தில், ராயபுரம் மாதா கோயிலில் எனக்குப் புதுநன்மை. முதன்முறை நற்கருணை வாங்கும் பிள்ளைகள் வெள்ளை உடுத்த வேண்டும். அம்மா தைத்த கவுன், கஞ்சி போட்டு ஈரம் தெளித்து, சனிக்கிழமை சாயங்காலம் மேஜைமேல் கிடந்தது. வேறு வெள்ளைக் கவுன் எனக்குக் கிடையாது. கரிப்பெட்டியால் தேய்த்தால் நெருப்புப்பொறி விழுந்து ஓட்டையாகிவிடும் என்று அம்மாவுக்குப் பயம்.

துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஜெர்மன் கப்பலில் வந்த மாலுமியிடம் வாங்கிய மின்சார இஸ்திரிப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். கடற்காற்றில் அதன் அடித்தகடு செங்காவியாகத் துருப்பிடித்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. பிளக் எங்கள் வீட்டுச் சுவரில் நுழையவில்லை. மாமா அதை வெட்டி எறிந்துவிட்டு, நம்மூர் மூன்றுகால் பிளக்கைப் பொருத்த உட்கார்ந்தார்.

எனக்காகப் பெட்டியையும் திறந்து காட்டினார். கறுப்புக் கம்பியும் சாம்பல்நிறக் கம்பியும், அபிரகத் தகடுகளுக்கு நடுவே சுற்றியிருந்த, சூடேறும் நாடாவின் இரண்டு முனைகளுக்குப் போயின. சிவப்பு மட்டும் பெட்டியின் இரும்பு உடம்பிலேயே ஒரு திருகாணியோடு முடிந்துவிட்டது.

“மாமா, செவப்பு மட்டும் ஏன் தனியா கீது?”

“அதுக்கு மத்ததுங்களோட சண்டை, பாப்பா.”

“டேய், தெரிஞ்சுதான் பண்றியா?” என்றாள் அம்மா.

“இன்னாக்கா நீ! செவப்புல கரண்டு வரும், கறுப்புல திரும்பும். இது தெரியாதவன் ஹார்பர்ல எவன் கீறான்?”

மிச்சமிருந்த சாம்பல்நிறத்தைத் தரைக்குப் போகும் காலில் முடுக்கிவிட்டு சுவிட்சைப் போட்டார். சூடே ஏறவில்லை. ரப்பர் அடி வைத்த பூட்ஸோடு நின்றபடி அடித்தகட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“ஜில்லுனு கீதேக்கா!”

நானும் கையை நீட்டினேன். “நீ தள்ளு, நான் பாக்கறேன்” என்று அம்மா, கரிப்பெட்டிக்குச் செய்வதுபோலவே, விரலை நாக்கில் நனைத்து வைத்தாள். வெறுங்கால், ஈரச் சிமெண்டுத் தரை.

அவள் பின்னால் எகிறி விழுந்தாள். பெட்டி கவுனின்மேல் கவிழ்ந்தது. மாமா பிளக்கைப் பிடுங்கினார்.

“ஐயோ, கவுனு!” என்று கத்தியது நான்.

“உசிரோட கீறியாக்கா?”

“கீறேன்டா. மொதல்ல உன் பொட்டிய தூக்கினு போ.”

மாமா முனைக்கடைக்கு ஓடி, பால் போடாத டீ வாங்கிவந்தார். கவுனின் மார்பில் கட்டுமர வடிவில் துருச்சிவப்பு பதிந்திருந்தது. அம்மா அதை மடியில் விரித்துப் பார்த்தபடியே டீயைக் குடித்தாள். டம்ளர் அவள் பல்லில் பட்டுக் கிணுகிணுவென்றது. டீ கறையின்மேல் சிந்தியது. பழுப்பும் சிவப்பும் சேர்ந்த இடம் மெல்ல மெல்ல எழுதும் மைபோல் கறுத்தது. எனக்கு அழுகை நின்றுவிட்டது.

“இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா!”

எலுமிச்சையும் உப்பும் வைத்து அவள் வெகுநேரம் தேய்த்த பிறகு கறுப்பு போய் வெளிர்மஞ்சள் நின்றது. காலையில் நான் பிடித்துச் சென்ற மெழுகுவர்த்தி அதை மறைத்தது.

பிற்காலத்தில் தேடித் தேடிப் படித்தேன். ஜெர்மனியில் அந்தக் காலத்தில் சிவப்புதான் தரைக்கம்பி, ஆளைக் காக்கும் கம்பி. மாமா அதில்தான் கரண்டை விட்டிருக்கிறார். துருவும் டீயின் துவர்ப்பும் கூடினால் மை நிறம் வரும் என்பதும் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் ஏன் ஏன் என்று கேட்ட நான், டீ ஏன் சிந்தியது என்று மட்டும் அன்றைக்குக் கேட்கவில்லை.