வெள்ளத்துக்கான இத்தாலியச் சொற்கள்

இத்தாலியில் வெள்ளம் வருவதற்கு முன்பு நிறம் வருகிறது. மஞ்சள், செம்மஞ்சள், கடைசியில் சிவப்பு எச்சரிக்கை: அல்லெர்த்தா ரோஸ்ஸா. நான் வந்து தங்கியிருக்கும் வீட்டில் மகளின் கைபேசி அலறும். பக்கத்து வீட்டுக்காரர் காரை மேட்டில் விட்டுவிட்டு வந்து காப்பி குடிப்பார். கொழும்பில் முதலில் தண்ணீர் வரும், பிறகு சுற்றறிக்கை வரும், அதன் பிறகு படிவத்தோடு நான் வருவேன். முப்பது வருடம் அரசாங்க நிவாரணப் பிரிவில் இருந்தவன். கூரையில் ஏறி நின்றவரிடமும் கிராம சேவகரின் கடிதம் கேட்டிருக்கிறேன்.

குடியேறியவர்களுக்கான மொழி வகுப்பில் ஆசிரியை எலேனா ஒருநாள் வெள்ளச் சொற்களைப் பலகையில் எழுதினார். அல்லுவியோனே வெள்ளம், ஃப்ரானா மண்சரிவு, திஸ்பெர்ஸோ காணாமற்போனவர். சிவப்பு அறிவித்தால் வீட்டிலிருந்து முதலில் எதை எடுப்பீர்கள் என்று கேட்டார். "தொக்குமெந்தி" என்றேன், பத்திரங்கள். "நியென்தே" என்றார் அவர். ஒன்றும் எடுக்கக்கூடாதாம், மேலே ஏறிவிட வேண்டுமாம். நான் விழித்ததைப் பார்த்து, சொல் விளங்கவில்லை என்று எண்ணிப் படிக்கட்டு ஒன்றை வரைந்து காட்டினார்.

விளங்கியிருந்தது. என் தம்பி அன்ரன் களனியில் ஆற்றோரம் குடியிருந்தவன். நான் இங்கே வந்த பிறகு ஆறு பெருகிய ஒரு மழையில், மனைவி ரீட்டாவோடு பள்ளிக்கூட மாடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு ஃபோன் எடுத்தான். நான் கேட்டது ஒரே கேள்வி: "ஒரிஜினல் எல்லாம் எடுத்தனியோ?" இல்லை என்றான். அவை இல்லாமல் எந்த அரசாங்கக் கந்தோரிலும் உன்னை ஒரு மனிதனாக மதிக்கமாட்டார்கள் என்றேன். "சரி சேர், ஓர்டர்தானே" என்று சிரித்தான். பத்திரக் கோப்பை எடுக்க வீட்டுக்குத் திரும்பிப் போனவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

உடல் இல்லாததால், மரணத்தைப் பதிய மூத்த சகோதரனான என் சத்தியக் கடதாசியைக் கேட்டார்கள். அந்த நடைமுறை எனக்கு மனப்பாடம். ஆகவே இழுத்தடிக்கவும் தெரிந்திருந்தது. ரீட்டாவிடம் பொலிஸ் அறிக்கை கேட்டேன், அனுப்பினாள். கிராம சேவகரின் கடிதம், பங்குத்தந்தையின் கடிதம், பிறகு அவற்றுக்கு மொழிபெயர்ப்பு. நான் கையெழுத்து வைக்காதவரை அவன் காணாமற்போனவன் மட்டுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஃபோன் எடுத்தாள்.

"அண்ணா, இன்னொரு கடிதம் கேக்காதேங்கோ. அவருக்கு ஒரு ஆத்ம சாந்திப் பூசை வைக்கவேணும்." பிறகு சொன்னாள்: "நீங்கள் ஃபோனிலை சொன்னதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மறுநாள் இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டேன். ஒரு திருத்தம்கூட இல்லாத கடதாசி என்று அலுவலர் பாராட்டினார்.

கொட்டாஞ்சேனையில் அவனுக்கான மாலைப் பூசை நடந்த நேரம் இங்கே மதியம். பக்கத்துக் கோயிலில் மெழுகுதிரி ஏற்றினேன். பூச்சாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்த இத்தாலியக் கிழவி, யாருக்கு என்று கேட்டார். "மியோ ஃப்ரத்தெல்லோ" என்றேன், என் தம்பி. "மோர்த்தோ." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறந்துபோனான் என்பது அந்த மொழியில் வாய்க்கு வந்துவிட்டது. தமிழில் யாராவது கேட்டால், அவனை இன்னும் காணவில்லை என்றுதான் சொல்கிறேன்.