தெல்மா வெட்டி எடுத்த மகன்

ஒரு கதை நன்றாக அமைய வேண்டும் என்பதற்காக அதிலிருந்து ஓர் ஆளை எடுத்துவிடலாமா? போன மார்ச்சில் எனக்குப் பதில் தெரியாது. தெரிந்தவன் மாதிரி பேசினேன்.

தெல்மா பிரிங்கிள் நான் படிக்கும் பள்ளியின் கேன்டீனில் சாண்ட்விச் போடுபவர். அறுபத்தொரு வயது. மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து தனியாக டாஸ்மேனியாவுக்கு, எங்கள் ஊருக்கு வந்தவர். சனிக்கிழமைகளில் நூலகத்தில் கூடும், நானும் போகிற கதை வட்டத்தில் நான்கு வருடம் இருந்தும் ஒரே ஒரு கதைதான் எழுதினார். அது வட்டம் போடும் ஊர்க் கதைத் தொகுப்பில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

வட்டத்துக்கு ஒரு விதி உண்டு. கதை வாசித்தவர், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது.

தெல்மா வாசித்த கதையில் கணவன் மனைவி சண்டை. பொறுக்காத மகன் படகெடுத்துப் போய் மூழ்குகிறான். எட்டாம் நாள் அவனுடைய ரப்பர் பூட்ஸில் ஒன்று, வீட்டுக்குக் கீழே இருக்கும் கரையிலேயே ஒதுங்குகிறது.

தபாலாபீஸில் வேலை பார்த்த கோரல் சிரித்துவிட்டார். "கடலுக்கு விலாசம் தெரியுமாக்கும்! நேரா வீட்டு வாசல்ல டெலிவரி."

"தபாலாபீஸ் புத்தி உன்ன விட்டுப் போகுமா?" என்றார் தலைவர் ராய்ஸ். எல்லோரும் சிரித்தோம். தெல்மா, தான் சுட்டு வந்த கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தார். துண்டுகள் பொடியாகிக்கொண்டிருந்தன.

"சண்டைதான் கதையே, தெல்மா," என்றேன் நான். "பையன் சும்மா அழ வைக்க வந்திருக்கான். அவனத் தூக்கிடுங்க."

ராய்ஸ் மேசையைத் தட்டினார். "பொடியன் புடிச்சிட்டான் பாரு!"

தெல்மாவின் முறை வந்தது. "நெசமா நடந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

"நடந்துச்சுங்கறதெல்லாம் சாக்கு. காகிதத்துல நடக்கணும்மா," என்றார் ராய்ஸ்.

நல்ல வாக்கியம் என்று நான் குறித்துக்கொண்டேன்.

தெல்மா மகனை வெட்டினார். தொகுப்பில் அதுதான் முதல் கதை. வெளியீட்டன்று கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

வாசலில் அவரைப் பிடித்தேன். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?"

"சொன்ன, கண்ணு." புத்தகத்தை என் கையில் திணித்தார். "எம்புள்ள இல்லாம கதை நல்லாத்தான் இருக்கு. அதத்தான் தாங்க முடியல."

"அப்ப அந்த பூட்ஸ்..."

"நாந்தான் பொறுக்கினேன்."

அதன்பிறகு அவர் வட்டத்துக்கு வரவில்லை. எதுவும் எழுதவும் இல்லை.

அச்சான இருநூறு பிரதிகளிலும் அவன் இல்லை. அவன் பெயர் ரோரி. பத்தொன்பது வயது. இதைப் படித்தவர்கள் இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டாம். அவனை விட்டுவிடாமல் சொன்னால் போதும்.