பின்பாக்கெட்டுக்குப் போன கை

டெல்மர் ஸ்டாம்பர் அமெரிக்காவின் கெண்டக்கி மலைச்சாலையில் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தது சர்க்கரை நோய்க்காக. மர அறுவை ஆலையில் என்னோடு இருபது வருடம் வேலை பார்த்தவன். ஐம்பத்தாறு வயதில், தொடையை இறுக்கிப் பிடிக்கும் கால்சட்டையோடு அவன் தெருவில் வந்து நின்றபோது ஊரே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அடுத்த மாதமே அவனோடு சேர்ந்துகொண்டேன்.

மார்ச்சில் எவனோ ஒருவன் ஓடுகிற பிக்கப் வண்டியிலிருந்து எறிந்த பீர் பாட்டில் டெல்மரின் வாயில் பட்டது. மூன்று பற்கள் போயின. ரத்தம் துப்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தவனிடம் அவன் மனைவி அர்லெட்டா கைத்துப்பாக்கியை நீட்டினாள்.

"இனிமே இது இல்லாம வாசலத் தாண்டாத. அடுத்த தடவ பல்லோட நிக்காது."

"போன பல்லு போனதுதான். இத வச்சுக் கறியக் கடிக்கவா முடியும்?"

சொன்னானே தவிர, எடுத்துக்கொண்டான். சைக்கிள் சட்டையின் முதுகுப்பக்கப் பாக்கெட்டில் வாழைப்பழத்தோடு வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினான். சனிக்கிழமை எங்களுக்குப் பின்னால் ஹாரன் அலறியது. நான் திரும்புவதற்குள் அவன் துப்பாக்கியைப் பாதி உருவிவிட்டான். வந்தது சர்ச் வேன். எட்டுக் கிழவிகள் கையசைத்துக்கொண்டு போனார்கள். டெல்மர் ஓரமாக நிறுத்தி வாந்தியெடுத்தான்.

"என்னக் கேக்காமலே கை போகுதுடா. இன்னிக்கு யாரையாச்சும் கொன்னிருப்பேன்."

அன்றே அதை அலமாரியில் வைத்துப் பூட்டினான். அர்லெட்டா மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

மே மாதம் ஒரு காலையில் சிவப்பு பிக்கப் ஒன்று எனக்கு முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த டெல்மரை வேண்டுமென்றே உரசிப் பள்ளத்தில் தள்ளியது. முழங்கையில் எலும்பு வெளியே தெரிந்தது. வண்டி சற்றுத் தள்ளிப் போய் நின்றது. டெல்மர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே அதை நோக்கி நடந்தான். நம்பரைப் படம் பிடிக்க, போனை எடுக்கக் கையை முதுகுப் பாக்கெட்டுக்குக் கொண்டுபோனான்.

வண்டிக்காரன் ஜன்னல் வழியாக இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு இடுப்பெலும்பை நொறுக்கியது, இன்னொன்று வயிற்றில் இறங்கியது. நான் சட்டையைக் கழற்றி அமுக்கினேன். விரலிடுக்கில் ரத்தம் சூடாக வந்துகொண்டே இருந்தது.

சுட்டவன் ஓடவில்லை. அவனே போலீசைக் கூப்பிட்டான்.

"துப்பாக்கியத்தான் எடுக்குறான்னு நெனச்சேன் சார். உயிர் பயம்."

எங்கள் பக்கத்துச் சட்டத்துக்கு அது போதும். ஊர்க்காரர்களில் பன்னிரண்டு பேர் ஜூரியாகக் கூடி உட்கார்ந்து, வழக்கே வேண்டாமென்று அவனை விட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தனையும் செவிட்டில் அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய் டெல்மரிடம் கத்தினேன்.

"அவன இப்படியே விடப் போறியா? உனக்குச் சூடு சொரணையே இல்லையா?"

அவன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். இனி நடக்க மாட்டான் என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"கை முதுகுக்குப் போனா வேற என்னடா நெனைப்பான்? அவன் எடத்துல நான் இருந்திருந்தா, நானும் சுட்டிருப்பேன்."

அந்த வாரம்தான் நான் கடைக்குப் போய் எனக்கென்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருந்தேன்.