நூமேயாவில் என் ஒரு வாக்கு

இங்கே வாக்களித்தவர் விரலில் மை பூசுவதில்லை. ஒலிபெருக்கியும் கிடையாது. இலங்கையில், எங்கள் கல்முனையில் தேர்தல் வந்தால் தொட்டிலில் பிள்ளை உறங்காது. நூமேயாவில் நாட்டின் தலைவிதியையே கேட்கிறார்கள், தெரு வாய் திறக்கவில்லை. இந்தப் பசிபிக் தீவு, நியூ கலிடோனியா, பிரான்சைவிட்டுப் பிரிந்து தனி நாடாவதா என்பதே கேள்வி. நெடுங்காலம் இங்கே வாழ்பவர்களுக்குத்தான் வாக்கு. எனக்கு உண்டு, பிறகு வந்த மனைவி றமீஸாவுக்கு இல்லை. ஆனால் வீட்டில் பிரசாரம் முழுக்க அவளுடையதுதான்.

"இஞ்சாருங்க, தனி நாடாப் போனா நம்மட பாஸ்போட்டுக்கு என்ன கெதி? புள்ளையள்ற படிப்பு?"

நியாயமான கேள்விதான். ஆனால் நான் சாய்ந்தமருதுக்காரன். ஒருமுறை லீவில் ஊருக்குப் போனவன், கல்முனையிலிருந்து பிரித்து எங்களுக்குத் தனி நகரசபை வேண்டுமென்று தெருவில் நின்று கத்தினேன். சபைக்கே தொண்டை கிழித்தவனுக்கு, நாடு கேட்பவரிடம் வேண்டாமென்று சொல்ல வாய் வருமா?

அந்தக் கிழமை பக்கத்து வீட்டுப் பியர் வந்தார். தீவின் பூர்வகுடிகளான கனாக் இனத்தவர். தனி நாடு கேட்பவர். மடித்த பூத்துணி ஒன்றை என் முன்னால் வைத்து, தலைகுனிந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். தேர்தலுக்கு முன் வீடு தேடிச் சாறனோ துணியோ வந்தால் எங்களூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் வாக்கு விற்பனைக்கில்லை" என்று துணியைத் தள்ளிவிட்டேன்.

பியரின் முகம் விழுந்துபோயிற்று.

"வாக்குக் கேட்க வரவில்லை. பெரிய விசயம் பேசுவதென்றால் துணி வைத்துத்தான் பேசுவோம், அது எங்கள் வழக்கம். முடிவு எப்படி வந்தாலும் நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்தேன்."

விசா தந்திருக்கிறார்கள், குடியுரிமை தந்திருக்கிறார்கள். இருங்கள் என்று என்னை யாரும் கேட்டதில்லை. துணியை இரண்டு கையாலும் வாங்கினேன். பதிலுக்கு, பெருநாளைக்கு உடுக்க வைத்திருந்த மருதமுனைக் கைத்தறிச் சாறனைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தனி நாட்டுக்கு 'ஓம்' சொல்லும் சீட்டை உறையில் போட்டேன். வீட்டிலும் மறைக்கவில்லை. அதன்பின் றமீஸா என்னோடு கதைக்கவில்லை.

இருட்டும் நேரம் முடிவு வந்தது. 'இல்லை' வென்றது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் றமீஸா. உள்ளதைச் சொன்னால், பிள்ளைகளை நினைத்து எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. பியரை நினைத்து அழுகையும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே குசினியிலிருந்து சட்டியோடு வந்தாள்.

"பியர்ட ஊடு இண்டைக்கி மையத்து விழுந்த ஊடு மாதிரிக் கெடக்கும். அடுப்பும் மூட்டிரிக்க மாட்டாங்க. இந்தச் சோத்தக் கொண்டு குடுங்க."

தெருவில் இறங்கினேன். பிரெஞ்சுக் கொடி பறக்க ஒரு கார் வந்தது. "வென்றுவிட்டோம்!" என்று உள்ளிருந்தவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். எனக்கோ இரண்டு கையிலும் சட்டி.