வண்டியில் போன முட்டை

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். "சாப்டியா, படிச்சியா" என்பதற்குமேல் அவருக்கும் மகளுக்கும் பேச்சே ஓடாது. அதை மாற்றியது அந்த விளையாட்டுதான். செல்போனோடு தெருத்தெருவாக நடந்தால் திரையில் குட்டி மிருகங்கள் வரும், பிடிக்கலாம். கோயில், பூங்கா பக்கம் போனால் பார்சல் கிடைக்கும், அதைக் கூட்டாளிக்கு அந்த இடத்தின் படத்தோடு அனுப்பலாம். அவர் அங்கிருந்து ஏதோ பூங்காவை அனுப்புவார். இவள் ஆண்டிமடத்துப் பிள்ளையார் கோயிலை அனுப்புவாள். பிறகு ஒரு மணி நேரம் இருவரும் பேசுவார்கள். எனக்கே பொறாமையாக இருக்கும்.

பெண் வயசுக்கு வந்தாள். சடங்கு சுற்றி, தாய்மாமன் சீர் வாங்கி எல்லாம் முடிந்த மறுநாளே என் வீட்டுக்காரரின் அண்ணன் சட்டம் போட்டார்.

"இனிமே பள்ளிக்கூடம், வூடு, அவ்வளவுதான். போனத் தூக்கிக்கிட்டு ரோடு ரோடா சுத்துறதெல்லாம் ஆவாது."

மகள் அழுதாள். விளையாட்டில் அவளிடம் ஒரு முட்டை இருந்தது. பத்து கிலோமீட்டர் நடந்தால்தான் பொரியும். அப்பாவும் அங்கே ஒரு முட்டையோடு நடந்துகொண்டிருந்தார், யாருக்கு முதலில் என்று பந்தயம். அழுகையைப் பார்த்துப் பெரியப்பாவுக்கு மனசு இளகிவிட்டது. "கிலோமீட்டர்தான வேணும்? குடு" என்று போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முந்திரி விஷயமாக வண்டியில் ஜெயங்கொண்டம் போய்வந்தார். "பத்து கேட்ட, முப்பதுக்கு மேல ஓட்டிட்டேன். பாரு!" என்று பெருமை வேறு.

முட்டைக்கு ஒரு கிலோமீட்டர்கூட ஏறவே இல்லை. வண்டி வேகத்தில் போனால் அந்த விளையாட்டு சேர்த்துக்கொள்ளாது. காலுள்ள பிள்ளையை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, போனை ஊர் சுற்றக் கூட்டிப்போயிருக்கிறார் மனுஷர்!

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். அப்பா தனக்காகப் பேசுவதை மகள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அண்ணன் நல்லதுக்குத்தான சொல்றாரு. பொம்பளப் புள்ள. வுடு, வெளயாட்டுதான" என்றார்.

விளையாட்டாம்! மகளை வாய் நிறைய அப்பா என்று கூப்பிட வைத்ததே அதுதான், அது விளையாட்டாம்!

அவள் விளையாட்டைத் திறந்தாள். கூட்டாளிப் பட்டியலிலிருந்து அப்பாவை எடுத்துவிட்டாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

மறுநாள் அதே விளையாட்டை என் போனில் ஏற்றச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன். வாசலில் நின்ற அவள் பெரியப்பா, "எங்க கெளம்பிட்டீங்க?" என்றார்.

"நடக்கத்தான். ஒங்க வண்டியில போனா ஏற மாட்டேங்குதே."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

கடைவீதியில் நடக்கும்போது சிங்கப்பூரிலிருந்து அழைப்பு.

"பாப்பாவ லிஸ்ட்ல காணோமே, போன் ஏதும் கோளாறா?"

"போன் நல்லாத்தான் இருக்கு. அவதான் ஒங்கள எடுத்துட்டா."

"அண்ணங்கிட்ட நான் பேசுறேன்" என்றார்.

"அண்ணங்கிட்ட அப்புறம் பேசலாம். மொதல்ல மவகிட்ட கேளுங்க, திரும்பச் சேத்துப்பாளான்னு."

போனை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள்.