ஒரு நடை என்றால் எவ்வளவு?

எங்கள் சாயப்பட்டறையில் பாய்லருக்குத் தீ போடுவது என் அக்கா. பதினெட்டு வருஷமாக அவள்தான். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலாளி என்றெல்லாம் பார்க்கமாட்டாள்.

துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் மீட்டருக்கு எவ்வளவு கரிப்புகை என்று துளைக்க ஆரம்பித்ததும், முதலாளி கடல் தாண்டி இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு மாதச் சந்தா கட்டினார். எரித்த விறகின் கணக்கையும் நீராவி அழுத்தத்தையும் ஆபீசிலிருந்து தினமும் நான் அனுப்புவேன். அங்கிருந்து யோசனை வரும். சும்மா சொல்லக்கூடாது, முதல் வாரமே நீராவி ஒழுகும் வால்வு ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. "பரவால்லையே, பாக்காமலே சொல்லுதே!" என்று அக்காவே மெச்சினாள்.

மூன்று மாதம் கழித்து வந்த அறிக்கையில் அவளுடைய பாய்லர் சிவப்பில் கிடந்தது. விறகை அள்ளித் தின்கிறதாம். அதை நிறுத்திவிட்டு, ஆளே வேண்டாத மின்சார பாய்லர் வைக்க வேண்டுமாம். முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

கையெல்லாம் கரியோடு அக்கா ஆபீசுக்குள் புகுந்தாள். "எவன்டா சொன்னது? நான் எரிக்கிறது எனக்குத் தெரியாதா? அவங்ககிட்ட பேசணும். இப்பவே!"

"அக்கா, அவங்கல்லாம் பெரிய இன்ஜினியருங்க..."

"இருந்துட்டுப் போகட்டும். நான் என்ன சின்ன ஆளா?"

வீடியோவில் ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். நான் மொழிபெயர்த்தேன். தினமும் ஒன்பது டன் விறகு எதற்கு என்று அவள் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. தள்ளுவண்டி ஒருமுறை விறகோடு வந்தால் எங்களுக்கு அது ஒரு நடை. அந்த நடையை நான் 'லோடு' என்ற கட்டத்தில் போட்டு வந்திருக்கிறேன். அவர்கள் ஊரில் லோடு என்றால் ஒரு டன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை, முறைத்தாள். அது அதைவிட மோசம். போய்த் தள்ளுவண்டியை உருட்டி வந்து, முதலாளியின் கம்பளத்தின் மேலேயே ஏற்றி, கேமரா முன்னால் நிறுத்தினாள்.

"கேளுடா அவகிட்ட. இதுல ஒரு டன் ஏத்திக் காட்டச் சொல்லு. காட்டிட்டா இன்னிக்கே நான் வீட்டுக்குப் போறேன்."

ஒரு நடைக்கு நூற்றைம்பது கிலோதான் என்று கேட்டுக்கொண்டு அந்தப் பெண் கணக்கைத் திருத்தினாள். அவர்கள் பார்க்கும் நாற்பது பட்டறைகளில் மீட்டருக்கு மிகக் குறைவாக விறகு எரிவது இங்கேதானாம். பாய்லரை நிறுத்த வேண்டியதில்லை என்றாள். முதலாளி அசடு வழிந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா தீ போடும் விதத்தைப் படம் பிடித்துக்கொள்ளலாமா என்று இன்ஜினியர் பெண் அடுத்துக் கேட்டாள். மென்பொருளில் சேர்த்து மற்ற நாட்டுப் பட்டறைகளுக்கும் அனுப்புவார்களாம்.

"தாராளமா!" என்றார் முதலாளி.

"இருங்க சார்," என்றாள் அக்கா. "அவங்க யோசனைக்கு நாம மாசாமாசம் கட்டுறோம்ல? என் யோசனைக்கு அவங்க எனக்குக் கட்டட்டும். சொல்லுடா."

"அக்கா, அதை எப்படி..."

"சொல்லுடா. இதையாவது தப்பில்லாம சொல்லு."